செயற்கை மூட்டில் நோய்த்தொற்று: ஐதராபாத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தேய்ந்துபோன இடுப்பு மூட்டையோ முழங்கால் மூட்டையோ அகற்றிவிட்டு, உலோகத்தாலும் பாலிஎத்திலீனாலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெரும் வெற்றிகளுள் ஒன்றாகும். நம் நாட்டில் இச்சிகிச்சை மிகுதியாக நடைபெறும் நகரங்களுள் ஐதராபாத்துக்குத் தனியிடம் உண்டு. பஞ்சாகுட்டாவில் இன்று பல துறைகளுடன் விளங்கும் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகமே 1960களில் நிஜாமின் அறக்கட்டளைத் துணையுடன் எலும்பு நோய் மருத்துவமனையாகத் தோன்றியதுதான். காந்தி மருத்துவமனை, உஸ்மானியா பொது மருத்துவமனை ஆகிய அரசு நிலையங்களும் எண்ணற்ற தனியார் மருத்துவமனைகளும் இந்நகரில் உள்ளன. தெலங்கானாவின் மாவட்டங்களிலிருந்து மட்டுமன்றி, கருநாடகத்தின் ராய்ச்சூர், கலபுரகி, மகாராட்டிரத்தின் நாந்தேட் முதலிய பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர்.

முதன்முறையாக மூட்டு மாற்றம் செய்துகொள்வோரில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு, பொருத்திய மூட்டில் நோய்க்கிருமிகள் குடியேறிவிடுகின்றன என்பது உலக நாடுகளின் பொதுவான அனுபவம். விழுக்காடாகப் பார்த்தால் இது சிறிய எண். ஆனால் அந்த ஒருவருக்கு நேர்வது சிறிதன்று. மேலும் இரண்டோ மூன்றோ அறுவைகள், மாதக்கணக்கில் மருந்து, வருமான இழப்பு, சிலருக்கு நிரந்தரமாக மடங்காத கால், அரிதாகக் கால் இழப்பு, சில வேளை உயிரிழப்பு என்று அது நீள்கிறது. இந்நோயைப் புரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு அறுவை மருத்துவருக்கு மட்டும் உரியது அன்று. ஏன் என்பதைக் காண, கிருமியும் உலோகமும் சந்திக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

உலோகத்தின் மேல் ஒரு கோட்டை

உயிருள்ள திசுவில் சில ஆயிரம் கிருமிகள் நுழைந்தால் அவற்றை உடல் அழித்துவிடும். இரத்த ஓட்டம் வெள்ளணுக்களைக் கொண்டுவந்து சேர்க்கும். அயற்பொருள் ஒன்று அங்கு இருந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. இலண்டனில் எலெக், கோனென் என்னும் இரு ஆய்வாளர்கள் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாக்கிற்று. தாமாக முன்வந்தவர்களின் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்தியபோது, சீழ் பிடிக்கப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் இழை இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. ஓர் இழைக்கே இந்த விளைவென்றால், முழங்காலின் இரு எலும்புகளையும் மூடி நிற்கும் உலோகப் பரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உலோகத்தில் இரத்த நாளம் இல்லை. ஆகவே அங்கு வெள்ளணுவும் எளிதில் சென்று சேர்வதில்லை, மருந்தும் சேர்வதில்லை. அமெரிக்க மருத்துவர் ஆந்தனி கிரிஸ்டினா 1987இல் இந்நிலையை ஒரு பந்தயமாக உருவகித்தார். பொருத்தப்பட்ட பொருளின் பரப்பை முதலில் பிடிப்பவை உடலின் உயிரணுக்களா, கிருமிகளா என்பதே பந்தயம். கிருமிகள் முந்திக்கொண்டால் அவை ஒட்டிக்கொண்டு, பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதனுள் அடுக்கடுக்காக வாழத் தொடங்குகின்றன. இதுவே உயிர்ப்படலம் எனப்படுவது. படலத்தினுள் கிருமிகள் மெதுவாக வளர்கின்றன. சில உறங்குவனபோல் கிடக்கின்றன. பெருகும் கிருமிகளைத் தாக்குவதற்கென்றே அமைந்த எதிர் உயிரி மருந்துகள் இவற்றின்முன் வலுவிழக்கின்றன. இரத்தத்தில் மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு மருந்து இருந்தாலும் படலத்திலுள்ள கிருமி பிழைத்துக்கொள்ளும்.

படலம் முதிர்வதற்குச் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகும். இந்நோயின் சிகிச்சை முழுவதும் இந்தக் கால அளவையே சுற்றி அமைகிறது.

அறுவை அரங்கினுள்

இங்கிலாந்தின் இலங்காசயர் மாவட்டத்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி, 1962ஆம் ஆண்டு இறுதியில் பாலிஎத்திலீன் கிண்ணம் கொண்ட இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். இன்றைய இடுப்பு மூட்டு மாற்றத்தின் தொடக்கம் அதுவே. ஆனால் அவருடைய தொடக்கக்கால நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அந்த அளவு நீடித்திருந்தால் இச்சிகிச்சை அன்றே கைவிடப்பட்டிருக்கக்கூடும். கிருமி காற்றின் வழியே விழுகிறது என்று கருதிய அவர், வடிகட்டிய காற்று மேலிருந்து கீழாக ஓடும் கூண்டு ஒன்றை அமைத்தார். மருத்துவக் குழுவினர் விடும் மூச்சையும் குழாய் மூலம் வெளியேற்றும் உடைகளை உருவாக்கினார். பத்தாண்டுக்குள் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

இதைப் பெரிய அளவில் சோதித்தது லிட்வெல் தலைமையிலான ஆய்வு. 1982இல் வெளியான அதன் முடிவில் 19 மருத்துவமனைகளின் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் இடம்பெற்றன. வழக்கமான அரங்குகளில் 1.5 விழுக்காடாக இருந்த ஆழ்தொற்று, மிகத் தூய காற்று பாய்ந்த அரங்குகளில் 0.6 விழுக்காடாக இருந்தது. அறுவைக்கு முன் எதிர் உயிரி மருந்து கொடுத்ததும் தனியே பெரும் பயன் அளித்தது என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. அனைவருக்கும் முன்கூட்டியே மருந்து கொடுக்கும் வழக்கம் நிலைபெற்ற பின், பல நாடுகளின் கணக்குகளில் அந்த விலையுயர்ந்த காற்றமைப்பால் கூடுதல் நன்மை காணப்படவில்லை. 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, மூட்டு மாற்றத்தில் தொற்றைக் குறைப்பதற்காக இவ்வமைப்பை நிறுவ வேண்டியதில்லை என்று, சான்றின் வலிமை குறைவு என்ற குறிப்போடு, கருத்துரைத்தது. அரங்கின் பெருமையைக் காற்றமைப்பைக் கொண்டு விளம்பரப்படுத்தும் மருத்துவமனைகளும், அதற்கு நிதி ஒதுக்கும் அலுவலர்களும் இதை எண்ணிப்பார்த்தல் நலம். கதவு எத்தனை முறை திறக்கப்படுகிறது, எத்தனை பேர் உள்ளே நிற்கின்றனர் என்பவற்றைக் கட்டுப்படுத்தச் செலவே இல்லை.

அதே நெறிமுறை கூறும் பிற செய்திகளும் செலவு குறைந்தவையே. மருந்து, தோலைக் கீறுவதற்கு முந்தைய 120 நிமிடங்களுக்குள் கொடுக்கப்பட வேண்டும். செஃபசோலின் போன்றவற்றுக்கு ஒரு மணிக்குள் என்பது நடைமுறை. முழங்கால் அறுவையில் தொடையில் இறுக்குப்பட்டை கட்டுவதால், பட்டை இறுகும் முன்பே மருந்து காலுக்குள் சென்றிருக்க வேண்டும். பட்டையைக் கட்டிய பிறகு நினைவு வந்து ஏற்றப்படும் ஊசி, ஏறக்குறைய ஏற்றப்படாததற்குச் சமம். முடியைச் சவரக் கத்தியால் மழிக்கலாகாது, தேவையெனில் கத்தரிக்கலாம். மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் குடியிருப்பதாகச் சோதனையில் தெரிந்தவர்களுக்கு முன்னதாகவே முபிரோசின் களிம்பு தடவ வேண்டும். அறுவை முடிந்த பின் தடுப்பு மருந்தைத் தொடர்வதால் பயனில்லை என்பதை நெறிமுறை வலியுறுத்துகிறது. இருந்தும் ஐந்து நாள், ஏழு நாள் என்று அதை நீட்டும் பழக்கம் நம் நாட்டில் இன்னும் பரவலாக உள்ளது. நோயாளிக்கும் உறவினருக்கும் அது ஒரு தைரியத்தைத் தருகிறதேயன்றி வேறொன்றையும் தருவதில்லை.

நீரிழிவு தனிக் கவனத்துக்குரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென மதிப்பிட்டது. மூட்டு மாற்றம் நாடி வருவோர் பெரும்பாலும் முதியவர்கள். சர்க்கரை அளவு கட்டுக்குள் வரும்வரை அறுவையைச் சில வாரங்கள் தள்ளிவைப்பதற்கு நோயாளியை இணங்கவைப்பது, அறுவை செய்வதைவிடக் கடினமான வேலை எனலாம்.

வீடு திரும்பிய பின்

மகபூப்நகர் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து, ஐதராபாத்தில் முழங்கால் மாற்றம் செய்துகொண்ட ஒரு விவசாயப் பெண்மணியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவர் வீடு திரும்புகிறார். பத்தாம் நாள் தையலின் ஓரத்தில் நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை. நகரத்துக்குச் செல்ல வண்டி அமர்த்த வேண்டும். உடன்வர மகன் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அருகிலுள்ள மருத்துவரிடம் காட்டுகிறார்கள். அவர் நல்லெண்ணத்தோடு ஐந்து நாள் மாத்திரை கொடுக்கிறார். கசிவு நிற்கிறது. மாத்திரை தீர்ந்ததும் மீண்டும் கசிகிறது. வேறு மாத்திரை. இப்படியே இரண்டு மாதம் கழிகிறது. அதற்குள் கிருமிப் படலம் முதிர்ந்துவிடுகிறது.

இங்கு நேர்ந்த இழப்புகள் இரண்டு. முதலாவது, காலம். கசிவு தொடங்கிய சில நாட்களில் மூட்டைத் திறந்து, கழுவி, பாதிக்கப்பட்ட திசுவை அகற்றி, பாலிஎத்திலீன் பகுதியை மட்டும் மாற்றியிருந்தால், எலும்பில் பதிந்த உலோகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு இருந்தது. அறுவைக்குப் பின் ஒரு வாரம் கடந்தும் நிற்காத கசிவு, மாத்திரைக்கு உரியது அன்று. மீண்டும் திறந்து பார்த்தற்கு உரியது. இரண்டாவது இழப்பு, சான்று. அரைகுறையாக உண்ட மருந்து கிருமியைக் கொல்லாது. ஆய்வகத்தில் அது வளராதபடி மட்டும் மறைத்துவிடும். எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்து என்று முடிவு செய்ய இயலாது.

ஆகவேதான் நோயாளியின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மருந்துகளை இரண்டு வாரமேனும் நிறுத்திவைத்து, பிறகு ஊசி வழியே மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பது முறையாக உள்ளது. அறுவையின்போது ஐந்து இடங்களிலிருந்தேனும் தனித்தனியாகத் திசு எடுக்கப்பட வேண்டும். அவற்றுள் இரண்டில் ஒரே கிருமி வளர்ந்தால், அல்லது மூட்டு வரை செல்லும் சீழ்ப்புழை இருந்தால், தொற்று உறுதி என்பது 2011க்குப் பின் பன்னாட்டு வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட வரையறை. சில கிருமிகள் மெல்ல வளர்பவை. பதினான்கு நாட்கள் வரை காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளே கிருமி இல்லை என்று அறிக்கை தரும் ஆய்வகம் உதவி செய்வதாக எண்ணிக் கேடு செய்கிறது. புண்ணின் மேற்பரப்பில் பஞ்சால் துடைத்து அனுப்பும் மாதிரியும் அத்தகையதே. அதில் வளர்வது பெரும்பாலும் தோலின் கிருமி.

ஆண்டுகள் பல கழிந்த பின்னும் தொற்று வரலாம் என்பதையும் குறிப்பிட வேண்டும். பல்லில் சீழ், சிறுநீர்ப் பாதை அழற்சி, வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரின் பித்தவெடிப்பு ஆகியவற்றிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து செயற்கை மூட்டைச் சென்றடைவதுண்டு.

மீட்கும் வழிகள்

படலம் முதிர்ந்துவிட்டால் உலோகத்தை எடுத்துவிடுவதைத் தவிர வழி குறைவு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புக்ஹோல்ஸ், எங்கல்பிரெக்ட் ஆகியோர் 1970இல், எலும்புச் சிமென்டில் ஜென்டாமைசினைக் கலந்தால் அது சிறிதுசிறிதாக வெளிப்பட்டுச் சுற்றியுள்ள இடத்தைக் காக்கும் என்று அறிவித்தனர். அதன் பயனாக, தொற்றிய மூட்டை எடுத்து அதே அறுவையில் புதியதைப் பொருத்தும் முறை அங்கு வளர்ந்தது. அமெரிக்காவில் இன்சால் குழுவினர் 1983இல் விவரித்த முறை வேறு. முதலில் மூட்டை அகற்றுவர். ஆறு வாரம் மருந்து ஏற்றுவர். பிறகு புதிய மூட்டைப் பொருத்துவர். இடைப்பட்ட காலத்தில் மருந்து கலந்த சிமென்டாலான தற்காலிகத் துண்டு ஒன்றை மூட்டில் வைப்பது பின்னர் வழக்கமாயிற்று. இந்தியாவில் மிகுதியாகக் கையாளப்படுவது இந்த இரு கட்ட முறையே. எதுவும் பலிக்காதபோது மூட்டை ஒட்டி அசையாமல் செய்துவிடுவதும், இடுப்பாயின் மூட்டே இன்றி விட்டுவிடுவதும் உண்டு.

மருந்துகளுள் படலத்தை ஊடுருவும் ஆற்றல் சிலவற்றுக்கே உண்டு. ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு எதிராக ரிஃபாம்பிசின் அத்தகையது. சுவிட்சர்லாந்தில் சிம்மர்லி குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு சிறியதே, 33 நோயாளிகள். உலோகத்தை அகற்றாமல் கழுவிவிட்டு, சிப்ரோஃப்ளாக்சசினுடன் ரிஃபாம்பிசின் சேர்த்து உண்டு சிகிச்சையை முழுமையாக முடித்த 12 பேரும் குணமடைந்தனர். ரிஃபாம்பிசின் இன்றிச் சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் உண்டு முடித்த 12 பேரில் குணமடைந்தவர் 7 பேர். மருந்தின் கால அளவும் குறைக்கத்தக்கதன்று. பிரான்சில் 410 நோயாளிகளிடையே நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் மருந்து உண்டவர்களில் 18.1 விழுக்காட்டினருக்குத் தொற்று நீடித்தது. பன்னிரண்டு வாரம் உண்டவர்களில் 9.4 விழுக்காட்டினருக்கே நீடித்தது.

ரிஃபாம்பிசின் நம் நாட்டில் முதன்மையாகக் காசநோய்க்கு உரிய மருந்து. அதைத் தனியே கொடுத்தால் கிருமி விரைவில் எதிர்ப்புத் திறன் பெற்றுவிடும். செயற்கை மூட்டில் காசநோய்க் கிருமியே தொற்றியிருப்பதும் உண்டு. அதைச் சோதித்து விலக்காமல் இம்மருந்தைத் தொடங்குவது காசநோயை மறைத்து வளர்ப்பதாகிவிடும். மேலை நாட்டு நூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் இச்செய்தி, நம் மாணவர் அழுத்தமாகக் கோடிட்டுப் படிக்க வேண்டியது.

மருந்து செய்யும் நகரம்

இவ்விடத்தில் ஐதராபாத்தின் மற்றொரு முகம் தெரிகிறது. 1961இல் நிறுவப்பட்ட இந்திய மருந்துகள் மற்றும் ஔடதங்கள் நிறுவனம், சோவியத் நாட்டின் துணையுடன் ரிஷிகேசத்தில் எதிர் உயிரி மருந்துத் தொழிற்சாலையையும், சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைக் கருவித் தொழிற்சாலையையும், ஐதராபாத்தில் செயற்கை மருந்துத் தொழிற்சாலையையும் அமைத்தது. அங்குப் பயின்றவர்கள் சிலர் பின்னாளில் தாமே நிறுவனங்களைத் தொடங்கினர். பட்டஞ்செரு, பொல்லாரம், ஜீடிமெட்லா வட்டாரங்கள் உலகுக்கே மருந்து மூலப்பொருள் அளிப்பவை ஆயின. மலிவான சிப்ரோஃப்ளாக்சசின் ஏழை நாடுகளுக்குக் கிடைத்ததில் இந்நகரின் பங்கு சிறிதன்று.

சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லார்சன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைப் பெற்றுச் சுத்திகரித்த பட்டஞ்செரு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. சில கிருமிகளைக் கொல்லப் போதுமான அளவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் அது. ஒரே நாளில் வெளியேறிய மருந்து ஏறத்தாழ 45 கிலோ என்றும், சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாட்களில் உண்ணும் அளவுக்கு அது சமம் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அந்நீர் சென்ற ஓடைகள் நக்கவாகு வழியாக மஞ்சிராவில் கலப்பவை. ஓடையின் படிவுகளில் மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் மிகுந்திருந்ததைப் பிந்தைய ஆய்வு காட்டியது.

ஓடையிலிருந்து முழங்காலுக்கு நேர்க்கோடு வரைந்துவிட முடியாது. ஒரு நோயாளியின் மூட்டில் உள்ள கிருமி எங்கு எதிர்ப்புத் திறன் பெற்றது என்று எவரும் விரல் நீட்டிச் சொல்ல இயலாது. மருத்துவர் தேவையின்றி எழுதும் மருந்து, மருந்துக்கடையில் சீட்டின்றி விற்கும் மருந்து, கோழிப்பண்ணைகளில் கொட்டும் மருந்து ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. எனினும் ஒன்று உறுதி. ஈகோலை, சூடோமோனஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகள் செயற்கை மூட்டைத் தாக்கும்போது, படலத்தின் மீது செயல்படக்கூடிய வாய்வழி மருந்து ஏறக்குறைய சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஒன்றே. இந்திய மருத்துவமனைகளின் அறிக்கைகளில் இவ்வகைக் கிருமிகளின் பங்கு மேலை நாடுகளைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த மருந்துக்குக் கிருமி பணியாவிட்டால் உலோகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு பெரிதும் சுருங்கிவிடுகிறது.

அரசு செயலற்று இருந்ததாகக் கூற முடியாது. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை, முக்கிய எதிர் உயிரி மருந்துகள் பலவற்றையும் காசநோய் மருந்துகளையும் சீட்டின்றி விற்பதைத் தடுத்து, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்கச் செய்தது. 2017இல் மருந்தெதிர்ப்புக்கான தேசியச் செயல் திட்டம் வெளியாயிற்று. 2020 ஜனவரியில் வெளியான வரைவு விதிகள், தொழிற்சாலைக் கழிவில் எதிர் உயிரி மருந்துகள் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு கட்டின. உலகில் முன்மாதிரியாக அமைந்திருக்கக்கூடிய அவ்வரம்புகள் 2021இல் வந்த இறுதி விதிகளில் இடம்பெறவில்லை. இது வருந்தத்தக்கது.

செலவும் கணக்கும்

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் உள்வைப்புகளுக்கு உச்ச விலை வகுத்தது. பெருவழக்கான கோபால்ட்-குரோமிய வகையின் விலை வரி நீங்கலாக ரூ.54,720 ஆகக் குறைந்தது. பலர் அதனால் பயனடைந்தனர். அதே ஆணையில் மறு அறுவைக்கான உள்வைப்பின் உச்ச விலை ரூ.1,13,950. தொற்று ஏற்பட்ட ஒருவருக்கு முதல் மூட்டின் விலை வீணாகி, இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விலையில் மற்றொன்று தேவைப்படுகிறது. அறுவை அரங்கு, ஆறு வார ஊசி மருந்து, படுக்கை ஆகியவை தனி. ஓர் அறுவைக்கு ஒரு தொகை என்று வகுக்கும் காப்பீட்டுத் திட்டங்கள், இரு அறுவைகளுக்கு இடைப்பட்ட அந்த ஆறு வாரத்தையும் ஒரு சிகிச்சையாகக் கருதினாலன்றி, ஏழை நோயாளி முதல் கட்டத்தோடு நின்றுவிட நேரும். சிமென்ட் துண்டுடன் ஆண்டுக்கணக்கில் நடப்பவர்கள் உருவாவது இவ்வாறுதான்.

சுவீடன் 1975இல் முழங்காலுக்கும் 1979இல் இடுப்புக்கும் தேசியப் பதிவேடு தொடங்கியது. இங்கிலாந்தும் வேல்சும் 2003இல் தொடங்கின. எந்த மருத்துவமனையில், எந்த மூட்டு, எத்தனை ஆண்டில், எதனால் மீண்டும் திறக்கப்பட்டது என்பது அங்கு எழுதப்படுகிறது. இந்தியாவில் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர் சங்கம் ஒரு பதிவேட்டை நடத்திவருகிறது. ஆயினும் அதில் பதிவது சட்டக் கட்டாயம் அன்று. தன் தொற்றுக் கணக்கைத் தானே வெளியிட எந்த மருத்துவமனைக்கும் தயக்கம் இருப்பது இயல்பே.

அறுவையின் தீங்கைக் கணக்கெடுத்து ஆராய்வது ஐதராபாத்துக்குப் புதிதன்று. குளோரோஃபார்ம் மயக்கத்தில் நோயாளிகள் இறப்பது ஏன் என்பதை ஆராய, ஆறாம் நிஜாம் மகபூப் அலிகானின் பொருளுதவியுடன் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் இரு குழுக்கள் இந்நகரில் கூடின. எட்வர்ட் லாரி என்னும் மருத்துவர் முன்னின்று நடத்தினார். இரண்டாவது குழுவுக்கு இலண்டனிலிருந்து லாடர் பிரன்டன் வந்தார். மூச்சு நிற்பதே முதற்காரணம் என்று அவர்கள் கண்ட முடிவு பின்னர் திருத்தப்பட்டது. இதயமும் நேரே பாதிக்கப்படுகிறது என்று தெரியவந்தது. முடிவு பிழைபட்டாலும் சோதனைக் குறிப்புகள் அச்சில் இருந்தமையால் பிறர் அதைச் சரிபார்த்துத் திருத்த முடிந்தது. மூட்டு மாற்றப் பதிவேட்டின் படிவத்தில் நோயாளியின் வயது, சர்க்கரை அளவு, மருந்து ஏற்றிய நேரம், தோலைக் கீறிய நேரம், ஓராண்டுக்குள் மீண்டும் திறக்க நேர்ந்ததா, நேர்ந்திருப்பின் வளர்ந்த கிருமி எது, அது எம்மருந்துக்குப் பணிந்தது என்னும் ஏழு கட்டங்கள் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். அவற்றை நிரப்ப ஓர் அலுவலருக்கு ஐந்து நிமிடமே ஆகும்.